போணிக்கு வந்த குயென்

குயெனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்கலாம் என்று பார்க்கிறேன். விடியற்காலையில் எழுந்துவிடுவான். அவ்வளவுதான். அதுவும் எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதற்காகத்தான்.

என் பெயர் கிம். ஹோய் ஆனில், பழைய மரப்பாலத்துக்குப் போகிற தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறேன். குயென் எங்கள் ஊர்க்காரன் இல்லை. தெற்கே தாம் கி என்ற ஊர். ஆனாலும் மாதம் தவறாமல், பௌர்ணமியை ஒட்டி, பெண்டாட்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, இருட்டிலேயே ஹோண்டாவைக் கிளப்பி, நாங்கள் கடை திறக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பான். கேட்டால் ஊர் சுற்றிப் பார்க்க வந்தானாம். என்னத்தைப் பார்த்தான்? பாலத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. கோயிலுக்குள் போய் ஓர் ஊதுவத்தி ஏற்றியதில்லை. காகித விளக்கு மிதக்கவிடுகிற ஆற்றங்கரையில் ஒரு நிமிடம் உட்கார்ந்ததில்லை. எங்கள் ஊர் நூடுல்ஸைத் தின்பதற்கென்று உலகமே வருகிறது. இவன் வீட்டிலிருந்து வாழையிலையில் கட்டிக்கொண்டு வந்த ஒட்டும் அரிசிச் சோற்றை வண்டியின் மேல் பிரித்து வைத்து, பெண்டாட்டியோடு நின்றபடியே தின்பான். அவனுக்கு ஊர் என்றால் திறக்கப்போகிற கடைக்கதவு.

பேரம் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போகிற வெள்ளைக்காரர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நாலு வார்த்தை பேசி, ரெண்டு தடவை முறைத்து, கடைசியில் சிரித்துக்கொண்டு கொடுத்தால்தான் வியாபாரம் செய்த மாதிரி இருக்கும். குயென் செய்தது பேரம் இல்லை. அவன் செய்தது போணியை வைத்துப் பிழைப்பது.

காலையில் முதலில் கடைக்குள் கால் வைக்கிறவர் எப்படியோ, அன்றைக்கு நாள் முழுக்க அப்படித்தான். கைராசிக்காரர் வந்து சட்டென்று ஒன்றை வாங்கினால், சாயங்காலம்வரை ஆள் வந்துகொண்டே இருக்கும். வந்தவர் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு, விலையைக் கேட்டு, வாங்காமல் போனால் அந்த நாள் நாசம். அப்படிப்பட்டவர் போனதும் ஒரு காகிதத்தைக் கொளுத்திச் சரக்கின் மேலும் வாசற்படியிலும் காட்டி, நல்லது நில்லு, கெட்டது போ என்று முணுமுணுத்துப் பீடையை விரட்டுவோம். வங்கியில் வேலை பார்க்கிற என் தம்பி மகள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளே போனில் படம் போட்டு வளையல் விற்க ஆரம்பித்தபோது, முதல் ஆளாக யாரை வாங்கச் சொல்லட்டும் அத்தை என்று என்னிடம்தான் வந்து நின்றாள்.

ஆகவே போணிக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப எங்களுக்கு மனம் வராது. நஷ்டமானாலும் கொடுத்துவிடுவோம். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்த மனிதர்கள் என்ன செய்வார்கள்? வாங்குகிற எண்ணம் இல்லையென்றால் காலையில் கடைப்பக்கம் வரமாட்டார்கள். வந்தால் ரொம்ப இழுக்காமல் வாங்கிவிடுவார்கள். அது மரியாதை. குயெனுக்கு அந்த வழக்கம் தெரியும், மரியாதை மட்டும் தெரியாது.

அவன் முறை எப்போதும் ஒன்றுதான். கடைக்குள் வருவான். ஒரு பொருளை எடுத்து மூக்குக்கு நேராகப் பிடிப்பான். “இது என்ன, எலி கடிச்ச மாதிரி இருக்கு?” என்பான். பாதி விலைகூட இல்லை, அதிலும் பாதியைக் கேட்பான். “அண்ணே, காலங்காத்தால இப்படிக் கேக்கலாமா, போணி நேரம்ணே” என்று கெஞ்சினால் முகத்தில் அப்படியொரு திருப்தி. பொருளைப் பொத்தென்று போட்டுவிட்டு, “முய், வா” என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே நடப்பான். திரும்பிப் பார்க்க மாட்டான். திரும்பினால் ஆசை தெரிந்துவிடுமாம். கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, “சரி வாங்கண்ணே, எடுத்துக்குங்க” என்று கூப்பிடுவார். கூப்பிடாவிட்டால் அவனுக்கு ஒன்றும் நஷ்டமில்லை, அடுத்த கடை. இவன் முன்னால் போகப் போக, பின்னால் ஒவ்வொரு கடையாகக் காகிதம் எரியும். சில நாள் தெரு முழுக்கப் புகை. அவன் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை.

இப்படி வாங்கியதில் ஒன்றாவது அவனுக்குத் தேவைப்பட்டதா என்றால் அதுவும் இல்லை. பட்டு விளக்குகளை மடித்து மடித்துக் கட்டிலுக்கடியில் போட்டு வைத்திருக்கிறானாம். அவன் காலுக்குச் சேராத செருப்புகள், யாரும் குடிக்காத தேநீர்க் கோப்பைகள். வீட்டுக்கு யாராவது வந்தால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, கடைக்காரன் எப்படி வழிக்கு வந்தான் என்று கதை சொல்லிவிட்டு, மறுபடி உள்ளே தள்ளிவிடுவானாம்.

அவன் இப்படி ஆன கதையைப் பின்னால்தான் கேள்விப்பட்டேன். ரேஷன் காலத்தில், அதாவது நாங்களெல்லாம் கூப்பனைக் கையில் வைத்துக்கொண்டு அரிசிக்கும் சோப்புக்கும் நின்ற காலத்தில், குயென் தாம் கி ரேஷன் கடையில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். அப்போது சின்ன வயசுதான். ஜனங்கள் வரிசையில் தங்கள் இடத்துக்கு ஒரு செங்கல்லை வைத்துவிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வரலாம் என்று வீட்டுக்குப் போவார்கள். இவன் வெளியே வந்து, “இது யார் கல்லு? கல்லுக்கெல்லாம் அரிசி கிடையாது” என்று காலால் ஒதுக்கிவிடுவானாம். பிறகு காலம் மாறியது. யார் வேண்டுமானாலும் கடை வைக்கலாம் என்று ஆனது. ரேஷன் கடையை மூடி இவனை ஓர் உரக் கிடங்கின் வாசலில் உட்காரவைத்தார்கள். அங்கே இவனைக் கண்டு எவரும் பல்லிளிக்கவில்லை. அந்தப் பல்லிளிப்பைத் தேடித்தான் ஊர் ஊராக வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். ஹுவே, தா லாத், எங்கள் ஊர், எல்லா இடத்திலும் காலை நேரம், எல்லா இடத்திலும் போணி.

அவன் பெண்டாட்டி முய்யையும் எனக்குப் பிடிக்காது. அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. கையில் பை, தலையில் ஓலைத் தொப்பி, அவனுக்கு இரண்டடி பின்னால். இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று எரிச்சலாக வரும். மாதாமாதம் ஊர் சுற்றுகிறாள், தனக்கென்று ஒரு கைக்குட்டை வாங்கியதில்லை.

ஒரு நாள் என் கடைக்கு வந்தார்கள். அன்றைக்கு அவள் ஊதா நிறத் துணி ஒன்றைத் தொட்டுக்கொண்டே நின்றாள். குயென் அதைக் கவனித்துவிட்டான். அவன் மூக்கில் வேர்த்துவிட்டது. “இந்தக் கந்தலுக்கு என்ன விலை?” என்றான். சொன்னேன். நூல் விலைக்குக்கூடக் காணாத ஒரு தொகையைக் கேட்டான். நான் மாட்டேன் என்றேன். துணியைப் போட்டுவிட்டு நடந்தான். ஆனாலும் போணியாயிற்றே என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். அப்போது முய் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்பதுபோல மெதுவாகத் தலையை ஆட்டினாள். ஒரு தடவை கடைசியாகத் துணியைத் தடவிவிட்டு அவன் பின்னால் போய்விட்டாள்.

நான் பழைய காலண்டர் தாளைக் கிழித்துக் கொளுத்தினேன். துணிகளின் மேல் காட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல். முய் திரும்பி வந்திருந்தாள், மறந்து வைத்துவிட்டுப் போன தொப்பியை எடுக்க. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. புருஷன் போன வாசலில் காகிதம் கொளுத்துவதைப் பெண்டாட்டி பார்த்தால் என்ன ஆகும்?

அவள் தொப்பியை எடுத்துக்கொண்டாள். “கதவுப் பக்கமும் காட்டுங்கக்கா” என்றாள். “அவரு அங்கதான் ரொம்ப நேரம் நின்னாரு.”

அன்றிலிருந்து அவளை என்னால் அவ்வளவு சுலபமாக வெறுக்க முடியவில்லை. அவனை வெறுப்பது இன்னும் சுலபமாயிற்று.

அவர்களுக்கு ஒரே மகள், லோவான். எங்கள் ஊரிலேயே ஒரு தையற்கடையில் வேலை பார்த்தாள், படகோட்டி ஒருவரின் மகனைக் கட்டிக்கொண்டாள், கையில் ஒரு குழந்தை. போன வருடம் என் கடைக்கு அடுத்த கடை காலியானதும் அதை வாடகைக்கு எடுத்தாள். சின்ன இடம்தான். தானே தைத்த சட்டைகள், குழந்தை உடுப்புகள். சேர்த்து வைத்த பணத்தையெல்லாம் லோவான் அந்தக் கடையில் போட்டாள், அது போதாமல் முய் தன் காதுத் தோட்டை விற்றுக் கொடுத்தாள். தோடு ஆற்றில் விழுந்துவிட்டது என்று புருஷனிடம் சொல்லி ஒரு வாரம் திட்டு வாங்கினாள். கடை ஓடவில்லையென்றால் லோவானும் புருஷனும் குழந்தையை விட்டுவிட்டு சைகோனுக்குத் தையல் ஆலை வேலைக்குப் போக வேண்டியதுதான். வேறு வழி கிடையாது. இங்கே ஒரு கடைக்குத் தினசரிப் போணியே இவ்வளவு முக்கியம் என்றால், திறப்பு நாள் போணி எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. அது அந்தக் கடையின் ஆயுசுக்கும்.

“யாரை வெச்சுப் போணி பண்ணப்போற?” என்று கேட்டேன்.

“அம்மாவைத்தான்.”

“அப்பா?”

லோவான் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “மத்தியானம் திறக்கறோம்னு சொல்லியிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க.”

திறப்பு நாளுக்கு முந்தின நாளே முய் பஸ்ஸில் வந்துவிட்டாள். காலையில் நாள் பார்த்துக் குறித்த நேரத்துக்கு முன்பே பழத்தட்டு, ஊதுவத்தி எல்லாம் தயார். முய் தலையை அழுந்த வாரிக்கொண்டு என் கடைத் திண்டில் உட்கார்ந்திருந்தாள். பணத்தைச் சின்னதாக மடித்து உள்ளங்கையில் இறுக்கி வைத்திருந்தாள்.

“அக்கா, உள்ள போயி நான் என்ன சொல்லணும்?”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். புடிச்சதை எடு, கேட்ட காசைக் குடு, சிரிச்சுக்கிட்டே வெளிய வா.”

“புடிச்சதைன்னா?”

“உனக்குப் புடிச்சதைத்தான்.”

“எனக்கு எது புடிக்கும்னு எனக்கெப்படித் தெரியும்?” என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை. எதிர்ப்பக்கம் காபிக்கடை யூங் கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லோவான் கதவைத் திறந்து ஊதுவத்தி வைத்தாள். முய் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டாள். அப்போது தெருமுனையில் ஹோண்டா சத்தம். அந்த ஓட்டைச் சைலன்சர் சத்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

குயென் வண்டியை நிறுத்திவிட்டு வெற்றிச் சிரிப்போடு வந்தான். “மத்தியானம் திறக்கறாளாம்! மத்தியானம் எவன் கடை திறப்பான்? என் காதுலயே பூ சுத்தப் பாக்கறீங்களா?”

“அப்பா, அங்கயே நில்லுங்க” என்றாள் லோவான். “அம்மா வாங்கட்டும். அப்புறம் நீங்க வாங்க.”

“உங்கம்மாவா? அவளுக்கு ஒரு கிழங்கு வாங்கத் தெரியுமா? போணி பண்றதுல என்னை மாதிரிக் கைராசிக்காரன் இந்த ஜில்லாவுலயே கிடையாது. நான் நடந்தா கடைக்காரங்க கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடுக்கறாங்க. கைராசி இல்லாமலா கூப்பிடறாங்க? இந்தத் தெருவைக் கேட்டுப் பாரு.”

அந்த ஆள் அதை உண்மையாகவே நம்பினான். எங்கள் பயத்தைத் தன் ராசி என்று எண்ணிக்கொண்டு, ஊர் ஊராகக் கடைகளுக்கு நல்லது செய்வதாக நினைத்துத் திரிந்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் அவன் படியேறிவிட்டான்.

இனி லோவானுக்கு ஒரே வழிதான், அவன் ஏதாவது ஒன்றை எடுத்துக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவனும் ஒரு குழந்தைச் சட்டையை எடுத்தான். மூக்குக்கு நேராகப் பிடித்தான். தையலை இரண்டு கையாலும் இழுத்தான்.

“இது என்ன தையல்? கோழி கிளறின மாதிரி?”

“அப்பா, இன்னிக்கு ஒரு நாள். சொன்ன விலையைக் குடுத்துடுங்க.”

“நான் யாரு, வழிப்போக்கனா? பாதி விலை.”

லோவான் கிட்டே போய் மெதுவாகச் சொன்னாள். ஆனால் சின்ன தெரு, எல்லாம் கேட்டது. “காசை நானே தர்றேன்ப்பா. நீங்க குடுக்கற மாதிரி குடுங்க, போதும்.”

அவன் எங்கள் பக்கம் பார்த்தான். நான், யூங், செருப்புக்கடைக்காரர், எல்லோரும் வாசலில் நின்றிருந்தோம். அவனுக்கு அதுதான் முக்கியம். மகளின் கடை இல்லை, பேரக்குழந்தை இல்லை. “குயென் கேட்ட விலை குடுத்தான்னு பேர் வரணுமா எனக்கு?” என்றான். சட்டையைப் பொத்தென்று போட்டான். “முய், வா.”

நடந்தான். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு. லோவான் கூப்பிட வாயைத் திறந்துவிட்டாள். என்ன செய்வாள், வெறுங்கையோடு போவதைவிடப் பாதி விலை மேல் அல்லவா? முய் அவள் தோளில் கை வைத்தாள். தலையை மெதுவாக ஆட்டினாள். எனக்கு அந்தத் தலையாட்டல் தெரியும்.

குயென் என் கடையைத் தாண்டினான். யாரும் கூப்பிடவில்லை. செருப்புக்கடையைத் தாண்டினான். நடை தளர்ந்தது. குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல ரொம்ப நேரம் நோண்டிக்கொண்டிருந்தான். அப்போதும் கூப்பிடவில்லை. பின்னால் வரவேண்டிய பெண்டாட்டியின் காலடிச் சத்தமும் இல்லை. அவன் திரும்பினான். எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான் முதல்முறை.

முய் கையில் தினசரித் தாள் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பழகிய கைபோல அடுக்கின் மேல் காட்டினாள், தொங்குகிற சட்டைகளுக்குக் கீழே காட்டினாள், கதவின் இரண்டு பக்கமும் காட்டினாள். அவன் நின்ற இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம். நல்லது நில்லு, கெட்டது போ என்று சத்தமாகவே சொன்னாள்.

“என்னடி பண்ற?” என்றான் குயென்.

“காயிதம் கொளுத்தறேன்.”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான்.” அவள் குரலில் கோபம்கூட இல்லை. “நீங்க வெளிய போனதும் எல்லாரும் கொளுத்துவாங்க. ஹுவேயில கொளுத்தினாங்க. தா லாத்துல கொளுத்தினாங்க. இந்தத் தெருவுல கொளுத்தாத கடை கிடையாது. நீங்கதான் திரும்பிப் பாக்க மாட்டீங்க. நான் பாத்துக்கிட்டேதான் உங்க பின்னால வந்தேன், கல்யாணம் ஆன நாள்லேருந்து.”

அவன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். யாராவது இல்லை என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது. யூங் காபியைக் கலக்கினாள். செருப்புக்கடைக்காரர் தன் சரக்கைத் தட்டினார். நான் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

முய் சாம்பலைத் தெருவில் தள்ளி மிதித்துவிட்டு வந்தாள். வலதுகாலை எடுத்து வைத்து, புதிதாக வருகிறவள்போல உள்ளே நுழைந்தாள். வெகு நேரம் பார்த்தாள். நீலத்தைத் தொட்டாள், விட்டாள். பச்சையை எடுத்தாள், வைத்தாள். கடைசியில் பெரிய பொத்தான் வைத்த மஞ்சள் சட்டை ஒன்றை எடுத்து நெஞ்சில் வைத்துப் பார்த்தாள்.

“இது எவ்வளவும்மா?”

லோவான் சொன்னாள். முய் உள்ளங்கையை விரித்து, வியர்வையில் ஊறிப்போயிருந்த பணத்தைக் கொடுத்தாள். லோவான் இரண்டு கையாலும் வாங்கி, அதைச் சட்டைகளின் மேலெல்லாம் ஒற்றினாள். அழுதுகொண்டே ஒற்றினாள்.

குயென் இன்னும் அதே இடத்தில்தான் நின்றிருந்தான். முய் பையோடு வெளியே வந்ததும் அவன் வாய் திறந்தது. மகளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்வான் என்று ஒரு கணம் நானே நினைத்துவிட்டேன்.

“எவ்வளவு குடுத்த?” என்றான்.

“கேட்டதை” என்றாள் முய்.

அவள் அந்த மஞ்சள் சட்டையை அங்கேயே, பழைய சட்டையின் மேலேயே போட்டுக்கொண்டாள். அந்த நிறம் அவளுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. தெருவில் ஒருவரும் அதை அவளிடம் சொல்லவில்லை.